எது பசுமை?

தமிழாசிரியர்க்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என வினவுவார் இருப்பர். ஒரு சொல் பொருளிழந்து போவதைக் கண்டு வாளாவிருத்தல் எமது தொழிலுக்கு ஒவ்வாது. 'பசுமை' இன்று அத்தகைய சொல்லாயிற்று. மரஞ்செடியினின்று பெறப்பட்டது எதுவாயினும் அது பசுமையானது என்கின்றனர். இது பொருந்தாதென்பதே எம் கருத்து. அமெரிக்க இரசாயனப் பேராசிரியர் றொபின் றொஜேர்ஸ் அவர்களின் ஆய்வு வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

தாவர உடலின் பெரும் பகுதி செலுலோசு. அதன் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புக்களால் இறுகியிருத்தலின் அது நீரிற் கரையாது. ஆதலின், 1892இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட முறைப்படி மரக்கூழினின்று செயற்கைப் பட்டாகிய றேயனைச் செய்தோர் காபனிருசல்பைட்டின் துணையை நாடினர். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் நரம்பு நோயுற்றனர். சித்தங் கலங்கினோரும் உளர். மூலப்பொருள் மரமாயிருந்து பயன் யாது?

உருகிய சில சேதன உப்புக்கள் செலுலோசைக் கரைக்கும் என்பதற்குச் சாள்ஸ் கிறேனாக்கர் என்பார் 1934இலேயே ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அது நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. நஞ்சைக் கணக்கில் எழுதாத காலத்தில் மாற்று வழிக்கு மதிப்பேது? 1998இல் போல் அனஸ்தாஸ், ஜோன் வோணர் ஆகிய இருவரும் பசுமை இரசாயனத்தின் பன்னிரு கொள்கைகளை நூலாக்கிய காலத்திலேதான் அக்கணக்கு ஒழுங்குபெறலாயிற்று.

றொஜேர்ஸ் 1982இல் அலபாமாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, இலினோயிற் பணிபுரிந்து, 1996இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராக மீண்டவர். 2002இல் அவரும் உடனாய்வாளர் மூவரும், 100 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகும் உப்பொன்றில், நுண்ணலை வெப்பத்தின் உதவியால், நிறைப்படி 25 வீதம் வரை செலுலோசைக் கரைத்துக் காட்டினர். நீரைச் சேர்த்த அளவில் செலுலோசு மீண்டும் பிரிந்து வந்தது. 2005இல் அக்காலத்தில் அமெரிக்க சனாதிபதியின் பெயரால் வழங்கிய பசுமை இரசாயனப் பரிசு அவருக்குக் கிடைத்தது. பழைய செய்தியிடம் புதிய வினாவைக் கேட்டமையே அவரது பெருமை என்போம்.

ஆயினும் அவ்வுப்புக்கள் விலையுயர்ந்தவை. அவற்றுட் சில நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கானவை. எளிதில் ஆவியாகாமையாற் காற்று மாசுறாதென்பது மெய். நீரும் மாசுறாதென்பது அதனாற் பெறப்படுமா? கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டெடுத்தாலன்றி இம்முறையைப் பசுமையென எம்மால் அழைக்க இயலாது.

எம் மாணவர் செய்முறைக் குறிப்பேட்டில் விளைபொருளின் நிறையை எழுதுகின்றனர். கழுவுதொட்டியில் ஊற்றியதன் அளவை எழுதுவாரில்லை. அதற்கும் ஒரு நிரலை வகுத்துத் தருமாறு விஞ்ஞான ஆசிரிய நண்பர்களை வேண்டுகின்றோம்.