அந்த முப்பது நாள் யாருக்கு?

"ஊரில் கட்டினால்தானே பிரச்சினை? வெளிநாட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்ளுங்கள்." சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்கு நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரை இது. பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டியில் வளர்ந்த நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். விமானம் ஏறினால் சாதி கீழே நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள் தோழர்களே, அது உங்களோடு சேர்ந்து விமானம் ஏறுவது தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் நம் தூதரகத்திலேயே மணம் முடிக்க 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். இருவரில் ஒருவர் அங்கே 30 நாளாவது தங்கியிருக்க வேண்டும். இதுவரை சரி. அதற்குப் பிறகு வருவதுதான் வினை. திருமண அறிவிப்பைத் தூதரகத்தில் ஒட்டுவதோடு நிற்காமல் இந்தியாவிலும் வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம். கடல் தாண்டிப் போனவர்களின் செய்தியை அரசே ஊருக்குத் திருப்பி அனுப்பிவைக்கிறது.

அந்தந்த நாட்டுச் சட்டப்படி மணம் முடிக்கலாமே என்பீர்கள். பல நாடுகள் முதலில் கேட்பது திருமணமாகாதவர் என்பதற்கான சான்றிதழ். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெற வேண்டும். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படியேறும். விசாரணை எங்கே நடக்கும்? நம் தெருவில். பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் போதும், சாயங்காலத்துக்குள் பெரியப்பா சித்தப்பா வரை சேதி போய்விடும். மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையும் அதற்குப் பிறகுதான். பாரிஸில் நடக்கும் கல்யாணத்துக்கும் முதல் கையெழுத்து கிராமச் சாவடியில்!

உள்ளூரில் இருப்பவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதிலும் அதே 30 நாள். அறிவிப்பேட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். வெள்ளைக்காரன் 1872-இல் போட்ட சட்டத்தில் இது 14 நாள். சுதந்திர இந்தியா அதை 30 ஆக்கியது.

சுயமரியாதைத் திருமணம் இருக்கிறதே? இருக்கிறது. அண்ணா ஆட்சியில் 1967-இல் வந்த 7-ஏ பிரிவு புரோகிதரையும் அக்கினியையும் வெளியேற்றியது. வழக்கறிஞர்கள் அதை நடத்திவைக்கலாம், ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அது இந்து திருமணச் சட்டத்தின் ஒரு பிரிவு. இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாக இருந்தால்தான் செல்லும். தலித் கிறித்தவப் பையனும் இந்து இடைநிலைச் சாதிப் பெண்ணும் என்ன செய்வார்கள்? அறிவிப்புப் பலகையின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். கொலைக்கு அதிகம் அஞ்ச வேண்டியவர்களையே அதிக நாள் காக்க வைக்கும் ஏற்பாடு இது.

"ஏற்கெனவே மணமானவன் ஏமாற்றிவிட்டால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சொந்தச் சாதிக்குள் மண்டபம் பிடித்து முடிக்கும் கல்யாணத்துக்கு இந்த அறிவிப்பு கிடையாதே! அங்கே ஏமாற்றுக்காரர்களே இல்லையா? இருதார மணம் தண்டனைக்குரிய குற்றம். பொய் உறுதிமொழியும் குற்றம். அந்தச் சட்டங்கள் சாதிக்குள் நடக்கும் இந்துக் கல்யாணத்துக்கும் சிறப்புத் திருமணத்துக்கும் பொது. அறிவிப்பு மட்டும் ஏன் மதம் கடந்தவர்களுக்கு?

2022-இல் மணவாளக்குறிச்சி சார்பதிவாளரிடம் ஓர் இணை இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தது. 30 நாள் கடந்தும் திருமணம் நடக்கவில்லை. மணமகன் அமெரிக்கா திரும்பிவிட்டார். காணொளி வழியாகவே மணம் முடித்துப் பதிவு செய்யுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆக, மணமகனே கடல் கடந்து இருந்தாலும் திருமணம் நடத்த முடிகிறது. அறிவிப்புப் பலகை இல்லாமல் நடத்த முடியாதா? இணை விரும்பினால் மட்டும் வெளியிட்டால் போதும் என்று 2021 ஜனவரியிலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உடுமலை சங்கர் 2016-இல் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். சாதிக்கு வேண்டியதெல்லாம் தகவலும் அவகாசமும்தான். இரண்டையும் அரசு தன் செலவில் கொடுக்கலாமா?

ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்போம். இரண்டு சட்டங்களிலும் பொது அறிவிப்பை நீக்கு. திருமணமாகாதவர் சான்றிதழுக்குத் தெரு விசாரணை வேண்டாம், விண்ணப்பதாரரின் உறுதிமொழியையும் பதிவுத்துறை ஆவணங்களையும் வைத்து முடிவெடு. விண்ணப்பத் தகவலை வெளியே விடும் அலுவலர்மீது நடவடிக்கை எடு. செத்த பிறகு தண்டிக்கும் சட்டம் வேண்டும்தான். அதற்கு முன்னால், உயிரோடு மணம் முடிக்க விடும் சட்டம் வேண்டும்.