எந்திரத்திற்கு எத்தனை அறிவு?

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர்; விலங்குகள் ஐம்புல உணர்வும் உடைய ஐயறிவுயிர்; மனவுணர்வும் சேரப்பெற்ற மக்கள் ஆறறிவுயிர். இன்று மனிதன் படைத்துள்ள செயற்கை நுண்ணறிவுக்கு இவ்வரிசையில் எவ்விடம் தருவது? விலங்குகளோடு அதற்குள்ள உறவை ஆராய்ந்தால் விடை விளங்கும்.

முதலில் கதையுலகைக் காண்போம். எழுத்தாளர் சுஜாதா 1980-களில் எழுதிய அறிவியற் புதினம் ‘என் இனிய இயந்திரா’. அதில் வரும் ஜீனோ ஓர் எந்திர நாய். அது பேசும், நூல்களைப் படிக்கும், நிலா என்னும் பெண்ணுக்கு இடர் நேருங்கால் துணை நிற்கும். நன்றிக்கு நம்மவர் காட்டும் உவமை நாயே அன்றோ? எந்திரத்தினிடம் நாம் விரும்பும் அன்பினைக் கதையுலகம் விலங்கினிடமிருந்தே கடன் பெற்றது என்பேன்.

அறிவியல் உலகிலோ நிலை வேறு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, 2024-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. குளிர்காலத்தில் இமயம் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கு வருகின்றன. குரல் கேட்டுப் பறவையின் இனம் கூற, முன்னாளில் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். இன்றோ, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் ஆக்கிய ‘மெர்லின்’ என்னும் கைப்பேசிச் செயலி, பல பறவைகளின் குரலைக் கேட்டவுடன் பெயரைக் கூறிவிடுகிறது. குரலைப் படவடிவாக்கி, முன்பு பயின்ற ஒலிப்பதிவுகளின் துணைகொண்டு இனங்காண்பதே அதன் முறை.

இனங்காணும் இவ்வாற்றல் உயிர்காக்கவும் பயன்படுகிறது. கோவையை அடுத்த மதுக்கரைப் பகுதியில் 2021 நவம்பரில் தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கு இருப்புப்பாதையோரம் 12 கோபுரங்களில் நுண்ணறிவுக் கண்காணிப்பை அமைத்தது. யானை நெருங்கினால் வெப்பமறியும் ஒளிப்படக்கருவி இருளிலும் கண்டுகொள்ளும். வனத்துறையினர்க்கும் வண்டி ஓட்டுநர்க்கும் செய்தி செல்லும். அதன்பின் வேகத்தைக் குறைத்தல் மனிதன் கடமை.

இனி, பெரம்பலூர்ப் பகுதியை நோக்குவோம். மக்காச்சோளக் கொல்லைகளைக் காட்டுப்பன்றிகள் அழிப்பதால் உழவர் படும் துயர் சிறிதன்று. இத்தகைய கருவி நாளை அக்கொல்லைகளுக்கும் வரலாம். பன்றி வருவதறிந்து ஒலியெழுப்பி விரட்டவும் கூடும். கம்பியில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லவும் கூடும். காப்பவனுக்கும் கொல்பவனுக்கும் கருவி தருவது ஒரே செய்தியே. எவ்வழி நன்று என்று அது ஒருநாளும் வருந்தி எண்ணாது.

எந்திரம் காண்கிறது, கேட்கிறது, கணக்கிடுகிறது. எனினும், தொட்டாற்சிணுங்கிக்கும் வாய்த்த முதல் உணர்வு அதற்கு வாய்க்கவில்லை. தொடுதலை அது அளக்கலாம், நோவை அறியாது. தன் நோவு அறியாதது பிறிதின் நோவை எங்ஙனம் அறியும்? ஆதலின், ஓரறிவுயிரின் இடமும் அதற்கு உரியதன்று என்பதே என் கருத்து.

மாணவர்களே! எந்திரத்தை வெறுத்தல் வேண்டா. அதனை நன்கு கற்று ஆளுங்கள். ஆனால், யானைக்கும் வாத்துக்கும் பன்றிக்கும் இரங்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். ஆறாம் அறிவு பெற்றதன் பயன் அப்பொறுப்பே ஆகும்.