முடித்து வைக்காத இறுவட்டு

கலியாண வீட்டு வீடியோவைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறையேனும் பொறுமையுடன் பார்த்தவர் நம்மிடையே உளரோ என்பது ஐயமே. வாசலிற் கட்டிய வாழைக்குலையிலே தொடங்கி, நிறைகுடத்திலே சற்று நின்று, பந்தியில் உண்போரின் வாய்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடியும் அந்த மூன்று மணி நேர நாடாவை மணமக்களே இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆயினும் அதனை எறிந்துவிட எவருக்கும் மனம் வாராது. அலுமாரியின் மேற்றட்டிலே, கூறைச்சேலைக்கு அருகில், அதுவும் ஒரு சீதனப் பொருள்போலக் கிடக்கும்.

எமது வீட்டிலும் அவ்வாறு ஒரு கசெற் கிடந்தது. 1986ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற எம் தமக்கையாரின் விவாகம் அதிலே பதிவாகியிருந்தது. தமக்கையார் இப்போது கனடாவில். இடப்பெயர்வுகள் அனைத்தையும் கடந்து அக்கசெற் எம்முடன் கொழும்புக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை. அதனை இங்கே விரிக்கவில்லை.

அந்நாளைய வீடியோக்காரரின் வழக்கம் ஒன்றை வாசகர்கள் அறிவார்கள். கலியாண வீட்டின் இயல்பான ஓசைகளை நீக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டுகளை ஏற்றிவிடுவார்கள். எம் அன்னையார் அந்த நாடாவிலே பல இடங்களில் தோன்றுகிறார், வாயசைக்கிறார், கேட்பதோ பின்னணிப் பாடகியின் குரல். ஒரேயோர் இடத்தில் மட்டும், ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்குமுன், ஏழெட்டு விநாடிகள் வீடியோக்காரர் அயர்ந்துவிட்டார் போலும். அங்கே அன்னையாரின் குரல் கேட்கிறது: “உந்தப் பிள்ளைக்கு ஆரும் தண்ணி குடுத்தனீங்களோ?” அவ்வளவே. அன்னையார் 1994ஆம் ஆண்டிலே காலமானார். அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை.

ஆகவே, வீட்டிலிருந்தபடியே டி.வி.டி. இறுவட்டிற் பதியும் கருவிகள் மலிவாக விற்பனைக்கு வந்தபோது, 2007ஆம் ஆண்டின் இறுதியில் நாமும் ஒன்றை வாங்கினோம். 1996இல் ஜப்பானிலே டி.வி.டி. அறிமுகமான காலத்தில் அது வீடுகளிற் பார்ப்பதற்கு மட்டுமே உரிய பொருள். பதியும் கருவி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டுவதற்கு ஏறத்தாழ மேலும் பத்தாண்டுகள் சென்றன. எம்முடையது அவற்றுள்ளும் மலிவானது. வன்தட்டுக் கிடையாது, பதிவதெல்லாம் நேரே இறுவட்டிலேதான், தவறினால் தவறியதே. “இந்த விலைக்கு ஒரு நல்ல கிரைண்டர் வாங்கியிருக்கலாமே” என்று எம் இல்லத்தரசி கூறியதையும் இங்கே பதிந்து வைக்கிறோம்.

வேலை கடினமானதன்று. பழைய வீடியோ டெக்கின் பின்புறத்திலிருந்து மஞ்சள் வயர் படத்தையும், வெள்ளையும் சிவப்பும் ஓசையையும் கொண்டுசென்று பதிகருவியிற் சேர்க்கும். ஆனால் குறுக்குவழி இல்லை. மூன்று மணி நேர நாடாவைப் பதிய மூன்று மணி நேரம் ஆகும். அதற்கு முன்னர் கசெற்றின் கண்ணாடிப் பக்கத்தை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தல் அவசியம். நமது நாட்டின் ஈரக்காற்றிலே ஆண்டுக்கணக்காக அடைபட்டிருந்த நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடிபோலப் பூஞ்சணம் பூத்திருக்கும். அதனை அப்படியே டெக்கினுள் இட்டால் டெக்கின் தலை அடைபட்டுப் போவதுடன், அடுத்து இடும் நல்ல நாடாவுக்கும் பூஞ்சணம் தொற்றும்.

இனி, இறுவட்டிலே எவ்வளவு நேரம் பதிவது என்ற கேள்வி எழும். சாதாரண இறுவட்டு ஒன்றின் கொள்ளளவு 4.7 கிகாபைற். அதற்குள் 1 மணி நேரமும் பதியலாம். 2, 4, 6 மணி நேரமும் பதியலாம். ஒரு கொத்து அரிசியை எத்தனை பேருக்குக் கஞ்சியாக்குவது என்பது போன்றதே இது. ஆள் கூடக்கூடக் கஞ்சி நீர்க்கும். நாம் 4 மணி நேர முறையைத் தெரிந்தோம். அது முழு மடைமையுமன்று. வீ.எச்.எஸ். நாடாவின் கிடைத்தெளிவே ஏறத்தாழ 240 கோடுகள்தாம். எம் கருவியோ அம்முறையிலும் ஒரு வரிக்கு 352 புள்ளிகளைப் பதிந்தது. சட்டியில் இல்லாதது அகப்பையில் வருமோ?

ஆனால் தாலி கட்டும் வேளையிலே எமது கணக்குப் பிழைத்தது. இக்கருவி இடத்தை மிச்சப்படுத்தும் வழி யாதெனில், ஒவ்வொரு படத்தையும் முழுமையாக எழுதாமல், முன்னைய படத்திலிருந்து மாறியதை மட்டும் பெரும்பாலும் எழுதிக்கொள்வதாகும். அசையாமல் அமர்ந்திருக்கும் மாப்பிள்ளை அதற்கு இலேசு. கெட்டிமேளம் முழங்கி, நாற்புறமிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கும்போதோ ஒவ்வோர் அரிசிமணியும் ஒரு மாற்றம். மலிவுக் கருவி திணறிப்போயிற்று. மணமக்களின் முகங்கள் சதுரம் சதுரமாகச் சிதறின.

அதனைச் செவ்வையாக்க விரும்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை 2 மணி நேர முறையில், இரு இறுவட்டுகளிலே மறுபடியும் பதியத் தொடங்கினோம். அந்தோ, இந்த ஆசையே வினையாயிற்று! பந்திக் காட்சியை அணுகும்போது டெக் நாடாவை விழுங்கிவிட்டது. மெல்ல இழுத்தெடுத்தபோது ஒரு முழ நீளம் கசங்கி மடிந்திருந்தது. வெட்டி ஒட்டலாம் என்றார் டெக் திருத்துபவர். ஆனால் கசங்கிய பகுதி எதுவென்று நாம் அறிவோம். தண்ணீர் கேட்கும் அந்த ஏழெட்டு விநாடிகள் அதற்குள்ளேதான் இருந்தன. ஆக, முன்னர் 4 மணி நேர முறையிலே பதிந்த ஒற்றை இறுவட்டே எஞ்சியது.

அந்த இறுவட்டை நாம் முடித்து வைக்கவில்லை என்பதுதான் இக்கதையின் முள். பதிகருவி ஓர் இறுவட்டிலே பதிந்தபின், இன்னும் எழுத இடமுண்டு என்று அதனைத் திறந்தே வைத்திருக்கும். ‘பைனலைஸ்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால்தான், எது எங்கே உள்ளது என்ற அட்டவணையைப் பிற கருவிகள் வாசிக்கத்தக்கவாறு எழுதி அதனை மூடும். அதுவரை, பதிந்த கருவிக்கு அது நிறைகுடம். மற்றக் கருவிகளுக்கு வெறுங்குடம். ஒருமுறை மட்டும் எழுதத்தக்க டி.வி.டி.-ஆர் வகையை மூடிவிட்டால் மேலும் எதையும் சேர்க்கவியலாது. மூன்று மணி நேரக் கலியாணம் போக எமது இறுவட்டிலே ஒரு மணி நேரம் மீதியிருந்தது. அதனை வீணாக்குவானேன், பிள்ளையின் பாடசாலை நாடகத்தை அதிலே சேர்க்கலாமே என்று எண்ணினோம். நாடகமும் பதியவில்லை, இறுவட்டும் மூடவில்லை. எமது கருவியில் அது செவ்வனே ஓடியபடியால் குறை எதுவும் தெரியவுமில்லை.

2011ஆம் ஆண்டு, ஊருக்கு வந்து திரும்பிய உறவினர் ஒருவரிடம் அதனைக் கொடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்தின்பின் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, இதிலை ஒண்டும் இல்லையெண்டு காட்டுது.” பக்கத்திலிருந்த அத்தான், “கலியாணமே நடக்கேல்லையாம், எனக்கு விடுதலை” என்று சிரித்தது எமக்கும் கேட்டது. தமக்கையார் சிரிக்கவில்லை. அன்னையாரின் குரல் அதில் உண்டென்று நாம் முன்னரே சொல்லியிருந்தோம். மூடி அனுப்பியிருந்தாலும் அங்கே தடையொன்று இருந்திருக்கும். நமது நாட்டின் பால் முறைப் படத்துக்கு 625 வரிகள். வட அமெரிக்காவின் என்.ரி.எஸ்.சி. முறைக்கு 525. அங்குள்ள டி.வி.டி. கருவிகள் பல நமது முறையை ஏற்பதில்லை.

இறுவட்டுத் திரும்பி வந்தது. ஆனால் அது வந்து சேருமுன்னரே எமது பதிகருவி கண்ணை மூடிவிட்டது. எந்த இறுவட்டை இட்டாலும் ‘இல்லை’ என்றே காட்டிற்று. லேசர்க் கண் பழுது என்றும், மாற்றுவதற்கு உதிரிப்பாகம் கிடையாது என்றும் திருத்துபவர் கைவிரித்தார். ஆக, அன்னையாரின் குரல் எம் கையிலேயே இருந்தது, கேட்கத்தான் வழியில்லை. ஒளிபடாமலும் சூடுபடாமலும் அதனை உறையிலிட்டுக் கூறைச்சேலைக்கு அருகிலேயே வைத்தோம். எழுதத்தக்க இறுவட்டிலே படத்தைத் தாங்குவது ஒரு சாயப்படலமே. வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை.

இதற்கிடையில் உலகம் மாறிவிட்டது. வீ.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு யூலை மாதத்துடன் அதனை நிறுத்திற்று. பதிகருவிகளும் கடைகளிலிருந்து மறைந்தன. 2019ஆம் ஆண்டிலே, பக்கத்து ஒழுங்கையிலுள்ள அன்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியின் கீழே பின்னல் துணி போர்த்து, மேலே பூச்சாடியும் வைத்த பொருளொன்றைக் கண்டோம். எமது கருவியேதான்! அதே நிறுவனம், அதே இலக்கம். படம் பார்ப்பதற்கன்றி ஒருநாளும் எதனையும் பதிந்ததில்லை என்றார் அவர். பூச்சாடியை நாமே இறக்கி வைத்தோம்.

அது மார்ச் மாத இறுதி. நாடெங்கும் மின்வெட்டு நடைபெற்ற நாட்கள். இறுவட்டை மூடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அது என்றென்றைக்கும் பாழாகக்கூடும். ஆகவே அன்றைய மின்வெட்டு முடிந்து ஒரு மணி நேரம் பொறுத்தபின்னரே இறுவட்டை உள்ளிட்டோம். கருவி நெடுநேரம் உறுமிற்று. பின்னர் வாழைக்குலை தோன்றியது. ரிமோட்டிலே அக்கட்டளையைத் தேடி அழுத்தினோம். திரையிலே நீலக்கோடு ஒன்று எறும்புபோல ஊர்ந்தது. அன்பரின் மனைவியார் தேநீர் கொண்டுவந்து வைத்தார்; அது ஆறியே போயிற்று.

மூடிய இறுவட்டைக் கணினியில் இட்டதும் உள்ளே ஏறத்தாழ 1 கிகாபைற் அளவான கோப்புகளாகக் கலியாணம் முழுவதும் இருந்தது. அவற்றை இரண்டு வன்தட்டுகளிற் பிரதி செய்தோம். இறுவட்டின்மேல் தாளொட்டவில்லை, அதற்குரிய பேனாவினால் ஆண்டை மட்டும் எழுதினோம். ஏழெட்டு விநாடிப் பகுதியைத் தனியே வெட்டியெடுத்து, அன்றிரவே தமக்கையாரின் கைப்பேசிக்கு அனுப்பினோம்.

சிறிது நேரத்தில் அவர் அழைத்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “தம்பி, அந்தத் தண்ணி கேட்ட பிள்ளை ஆர்?” என்றார். எமக்கும் தெரியவில்லை.