ஏரிகளின் நகரில் யாரைப் பார்க்கிறோம்?

இந்தியாவில் ‘ஏரிகளின் நகரம்’ என்ற பட்டத்துக்கு உரிமை கோரும் நகரங்களில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று ராஜஸ்தானின் உதய்பூர். மற்றையது மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபால். உதய்பூருக்கு யாரும் அறிமுகம் எழுதத் தேவையில்லை. பிச்சோலா ஏரியின் நடுவே வெள்ளை மாளிகை மிதப்பது போன்ற படத்தை நாட்காட்டியிலோ கைத்தொலைபேசியிலோ பார்க்காதவர்கள் குறைவு. போபாலின் நிலை வேறு. எமது ஊர்களிலிருந்து இந்தியா போகிறவர்கள் டில்லி, ஆக்ரா, அஜ்மீர் என்று சுற்றிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். சென்னையிலிருந்து டில்லி செல்லும் ரயில்கள் பல போபாலில் நின்றுதான் போகின்றன. அந்தச் சில நிமிடங்களில் ஒரு தேநீரோடு போபால் முடிந்துவிடுகிறது.

நான் போபாலுக்குப் போனதில்லை. இந்த வருடம் அந்த நகரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன், அவ்வளவுதான். வாசிக்க வாசிக்க ஒரு கோபம் வந்தது. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் ஒரே பட்டியலைத்தான் தருகின்றன: மேல் ஏரி, கீழ் ஏரி, பெரிய பள்ளிவாசல், வன விஹார் பூங்கா, சாஞ்சி, பீம்பேட்கா. நீளம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, திறக்கும் நேரம் இது. யார் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்பது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியில் மறைந்து போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். போபாலைப் பார்ப்பதென்றால் அவர்களைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் தண்ணீர். மேல் ஏரியை 11 ஆம் நூற்றாண்டில் ஆண்ட போஜ மன்னர் அணை கட்டி உருவாக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கீழ் ஏரி 1794 இல் வெட்டப்பட்டது. இரண்டும் சேர்ந்து 2002 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. மேல் ஏரியில் படகில் போகும் உல்லாசப் பயணி ஒரு விடயத்தை மறந்துவிடுகிறார். நகர மக்களில் பெரும் பகுதியினர் குடிக்கும் நீரின் மேல்தான் அவர் மிதந்துகொண்டிருக்கிறார்! 2023 இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஈரநிலத்தில் மோட்டார் படகுகளை நிறுத்தும்படி உத்தரவிட்டதன் காரணமும் அதுவே. சுற்றுலாவுக்கு நட்டம் என்று சிலர் குறைப்பட்டார்கள். குடிநீரா, படகுச் சவாரியா என்று கேட்டால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த நகருக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவரத் தன் பணத்தைச் செலவிட்டவர் குத்ஸியா பேகம். இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

1819 இல் போபால் நவாப் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது அவருடைய மனைவி குத்ஸியாவுக்கு இருபது வயதளவுதான் இருக்கும். கையில் ஒரு பெண் குழந்தை. குடும்பத்து ஆண்கள் ஆட்சிக்காகக் காத்திருந்தார்கள். குத்ஸியா அவர்களை அழைத்து, என் மகள்தான் வாரிசு, அவள் வளரும் வரை நான் ஆள்வேன் என்று அறிவித்து அதை ஏற்கவும் வைத்தார். அதிலிருந்து 1926 வரை தாய், மகள், பேத்தி, பூட்டி என்று நான்கு பெண்கள் போபாலை ஆண்டார்கள். இடையில் 1837 முதல் 1844 வரை மட்டும் குத்ஸியாவின் மருமகன் அரியணையில் இருந்தார். அந்த ஏழு ஆண்டுகளைக் கழித்தாலும் நூறு ஆண்டுகள் எஞ்சுகின்றன. ரஸியா சுல்தானாவின் பெயர் எமக்கெல்லாம் மனப்பாடம். அவர் டில்லியை ஆண்டது நான்கு ஆண்டுகள்கூட இல்லை. நூறு ஆண்டு ஆண்ட இந்த நால்வரின் பெயரை எமது வகுப்பில் எத்தனை பேர் சொல்வோம்?

குத்ஸியா கட்டியவை ஏரிக்கரையிலுள்ள கோஹர் மஹாலும் பழைய நகரின் ஜாமிஆ பள்ளிவாசலும். அவருடைய மகள் சிக்கந்தர் பேகம் குதிரையேறி நாட்டைச் சுற்றி வந்து நிருவாகம் பார்த்தவர். மோத்தி பள்ளிவாசல் அவருடையது. 1863 இன் இறுதியில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அரியணையில் இருந்துகொண்டு ஹஜ்ஜை நிறைவேற்றிய முதலாவது இந்திய ஆட்சியாளர் அவர்தான் என்கிறார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் உருதுவில் எழுதியது 1870 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. அவர் போற்றிப் புகழ்ந்து எழுதிய பயணியல்லர். துறைமுகத்துச் சுங்கம், தெருக்களின் சுத்தம், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஓர் ஆட்சியாளரின் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

மூன்றாமவர் ஷாஜஹான் பேகம். கவிஞர். பெண்களுக்காக ஒரு பெரிய கைநூலும் எழுதியவர். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 1889 இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அவருடைய பெயரால்தான் அழைக்கப்படுகிறது, அதற்குப் பணம் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். நான்காமவர் சுல்தான் ஜஹான் பேகம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1920 இல் பல்கலைக்கழகமானபோது அதன் முதலாவது வேந்தர் அவரே. அதே பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண் உபவேந்தராக வருவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குத்ஸியாவும் சிக்கந்தரும் பர்தா முறையைக் கைவிட்டு ஆண்டார்கள். ஷாஜஹான் இரண்டாம் திருமணத்துக்குப் பின் பர்தாவுக்குள்ளிருந்து ஆண்டார். சுல்தான் ஜஹான் ஆட்சிக் காலம் முழுவதும் முகம் மூடியபடியே தர்பாருக்கும் இலண்டனுக்கும் போய்வந்தார், பெண்களுக்குப் பாடசாலையும் திறந்தார். ஆகவே உடுப்பை வைத்து இவள் முன்னேறியவள், இவள் பின்தங்கியவள் என்று அளக்கிறவர்களுக்குப் போபால் வசதியான ஊர் அல்ல. ‘பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும்’ என்கிறவர்களுக்கும் அது வசதியான ஊர் அல்ல.

இவர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. அவர்கள் அரசிகள். மக்களின் வரிப்பணத்தில்தான் மாளிகைகள் எழுந்தன. 1857 கிளர்ச்சியில் சிக்கந்தர் பேகம் ஆங்கிலேயரின் பக்கம் நின்றார், அதற்குப் பரிசும் பெற்றார். ஆண் அரசர்களிடம் இருந்த குறைகள் இவர்களிடமும் இருந்தன. ஆனால் ஆண் அரசர்களுக்குக் குறைகளோடு சேர்த்துப் பெயரும் கிடைக்கிறது, இவர்களுக்குப் பெயரே கிடைப்பதில்லை.

கையேடுகள் அதிகம் புகழும் தாஜுல் மஸாஜிதுக்கு வருவோம். இந்தியாவின் மிகப் பெரிய பள்ளிவாசல்களில் ஒன்று. இளஞ்சிவப்பு நிறச் சுவர், வெண்ணிறக் குவிமாடங்கள் மூன்று, பதினெட்டு மாடி உயரத்தில் இரண்டு மினாராக்கள். ஷாஜஹான் பேகம் தொடங்கினார். 1901 இல் அவர் மரணித்தபோது வேலை முடியவில்லை. பணமும் இல்லை. 1971 இல் மீண்டும் தொடங்கி 1985 இல்தான் நிறைவு செய்தார்கள். இவையெல்லாம் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் இல்லாதது, தொழுகை மண்டபத்துக்குள்ளேயே பெண்கள் தொழுவதற்காக உயர்த்திக் கட்டப்பட்ட மாடம். பெண்கள் வீட்டில்தான் தொழுவார்கள் என்றிருந்த காலத்தில், பள்ளிவாசலைத் திட்டமிட்டவர் ஒரு பெண் என்பதால் அந்த இடம் வரைபடத்திலேயே வந்துவிட்டது.

எங்கள் ஊரில் ரமழானில் பெண்களுக்கான தராவீஹ் ஒரு வீட்டின் முன் மண்டபத்தில் நடக்கிறது. இடம் போதாமல் கடைசி வரிசை முற்றத்துக்கு வந்துவிடும். மழை வந்தால் அன்றைக்குப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது கட்டடத்தைப் பற்றி மட்டும். புதிய பள்ளிவாசல் ஒன்றுக்கு வரைபடம் போடும்போது வாகனத் தரிப்பிடத்துக்கு இடம் ஒதுக்குகிறோம். அந்த மேசையைச் சுற்றி ஒரு பெண்ணாவது இருந்தால் வேறு எதற்கெல்லாம் இடம் ஒதுக்கியிருப்போம்?

போபாலைச் சுற்றியுள்ள இடங்களில் பீம்பேட்காவின் பாறை ஓவியங்கள் 2003 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. போஜ்பூரில் போஜ மன்னரின் முற்றுப்பெறாத சிவன் கோவில் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் கீறிய வரைபடங்கள் பக்கத்துப் பாறைகளில் இன்னும் தெரிகின்றனவாம், அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை. ஆனால் இலங்கையரான நாம் நின்று பார்க்க வேண்டியது சாஞ்சியை. அசோகரின் மகன் மகிந்த தேரர் மிஹிந்தலைக்கு வருமுன் தாயின் ஊரான விதிஷாவில், மலைமேல் இருந்த விகாரையில் தங்கினார் என்று மகாவம்சம் சொல்கிறது. அந்த மலை சாஞ்சிதான் எனப் பலர் கருதுகிறார்கள். பொசொன் காலத்தில் எமது வீதிகளில் எரியும் வெளிச்சக் கூடுகளின் கதை ஒரு வகையில் அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தச் சாஞ்சி போபால் அரசின் எல்லைக்குள் இருந்தது. சிதைந்து கிடந்த தூபிகளை 1912 முதல் 1919 வரை ஜோன் மார்ஷல் சீர்படுத்தியபோது செலவைத் தாங்கியவர் சுல்தான் ஜஹான் பேகம். அங்கே அரும்பொருளகம் அமைக்கவும் அவரே உதவினார். ஐவேளைத் தொழுகையை விடாத ஒரு முஸ்லிம் பெண், தன் நாட்டில் பெளத்தர்கள் ஏறக்குறைய இல்லாமற்போன காலத்தில், அவர்களது தூபியைக் காக்கப் பணம் கொடுத்திருக்கிறார். அதில் வாக்கும் இல்லை, இலாபமும் இல்லை. இங்கே பக்கத்து வீட்டாரின் வணக்கத்தலத்தைப் பற்றி நாம் பேசும் சில பேச்சுகளைக் கேட்கும்போது இந்தத் தகவலை உரத்துச் சொல்ல வேண்டும்போல் இருக்கும்.

இனிக் கையேடுகள் முற்றாகவே ஒதுக்கிவிடும் இடம். 1984 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் நச்சு வாயு தூங்கிக்கொண்டிருந்த நகரின் மேல் பரவியது. அரசின் கணக்குப்படி இறந்தோர் 3787. பாதிக்கப்பட்ட மக்கள் தரும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. நஞ்சைச் சுவாசித்தவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். 1989 இல் 47 கோடி அமெரிக்க டொலரோடு வழக்கைத் தீர்த்துவிட்டார்கள். தொழிற்சாலை வளவில் கிடந்த 337 தொன் நச்சுக் கழிவை அகற்றியது 2025 ஜனவரியில்! இதற்கிடையில் அந்தக் கழிவு நிலத்தில் ஊறி, சுற்றிலுமுள்ள குடியிருப்புகளின் கிணற்று நீரைக் கெடுத்துவிட்டது. ஏரிகளின் நகரில் குடிக்கத் தண்ணீர் கேட்டு மக்கள் நீதிமன்றம் போனார்கள்.

துயரத்தைப் பார்க்க ரிக்கற் வாங்கிப் போவதா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். தொழிற்சாலைக்கு முன்னால் நின்று தன் படத்தைப் பிடித்துப் போடும் ஆட்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் பார்க்கக் கூடாது என்று சொல்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களே 2014 இல் ஒரு சிறிய நினைவுக் காட்சியகத்தைத் திறந்தார்கள், அரசிடமோ கம்பனிகளிடமோ ஒரு சதமும் வாங்காமல். இறந்த பிள்ளையின் சட்டை, தாய்மார் பேசிய ஒலிப்பதிவு இப்படிப்பட்டவைதான் அங்கே வைக்கப்பட்டன. மறந்துவிட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எனவே போவதில் தவறில்லை, எப்படிப் போகிறோம் என்பதே விடயம்.

அங்கேயும் முன்னால் நின்றவர்கள் பெண்கள். ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இருவரும் வாயுவில் குடும்பத்தவரை இழந்தவர்கள். காகிதாதிப் பொருட்கள் செய்யும் ஒரு வேலைத்தலத்தில் சந்தித்து, கூலிக்காகத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 1989 இல் சக பெண்களோடு போபாலிலிருந்து டில்லி வரை நடந்தே போனார்கள். 2004 இல் கோல்ட்மன் சுற்றாடல் விருது இருவருக்கும் கிடைத்தது. அந்தப் பணத்தில் வீடு கட்டவில்லை. உடற்குறையோடு பிறந்த பிள்ளைகளுக்காகச் சிங்காரி என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. இருவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர்.

போபாலில் ஷாஜஹான் பேகத்தின் நினைவாகப் பெயரிட்ட ஒரு பூங்கா உண்டு. வாயுவால் பாதிக்கப்பட்ட பெண்கள் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை தோறும் அங்கே கூடி, வழக்கு எங்கே நிற்கிறது, மருந்து கிடைத்ததா, அடுத்த ஊர்வலம் எப்போது என்று பேசி வந்தார்கள். நான் பார்த்த சுற்றுலாப் பட்டியல் ஒன்றிலும் அந்தப் பூங்கா இல்லை. என்றைக்காவது போபாலில் ரயில் நிற்கும்போது இறங்கக் கிடைத்தால், ஏரிக்குப் போகுமுன் அங்கேதான் போவேன்.