புதுசா வர்றவனைக் கோழி அடிக்க விடுங்கப்பா!

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாடலாம் என்று ஒருவன் இன்றைக்குக் கணக்கு திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வைக்கிறான், தாடி மீசை தேர்ந்தெடுக்கிறான், பயிற்சித் தீவில் இறால் பிடித்துச் சுடக் கற்றுக்கொள்கிறான், லம்பிரிட்ஜ் கோட்டையில் வந்து இறங்குகிறான். அடுத்து என்ன செய்வது? தெரியவில்லை. இணையத்தில் தேடுகிறான். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது!

கிடைக்கிற ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான். உடனே காசு கட்டி மெம்பர் ஆகு, யாரிடமும் நின்று பேசாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போ, முதல் வேலையாக வாட்டர்ஃபால் குவெஸ்ட்டை முடி. அதை முடித்தால் அட்டாக், ஸ்ட்ரெங்த் இரண்டிலும் தலா 13,750 புள்ளிகள் கிடைக்கும். ஒரு கோழியைக்கூட அடிக்காமல் 1-ஆம் லெவலிலிருந்து 30-க்குத் தாவிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கூத்து தெரியும். 30-ஆம் லெவலுக்குத் தேவை 13,363 புள்ளிகள். 99-க்குத் தேவை 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேல். அதாவது இந்தப் பெரிய குறுக்குவழி மிச்சப்படுத்துவது மொத்தப் பயணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு! 92-ஆம் லெவலில்தான் பாதி தூரமே வரும். இழுத்தடிக்கிற பகுதியெல்லாம் அந்தக் கடைசி ஏழு லெவல்களில் கிடக்கிறது, அதை எந்த வழிகாட்டியாலும் தாண்டவைக்க முடியாது. தானாகவே சட்டென்று முடிந்துபோகிற, திரும்பக் கிடைக்காத ஆரம்பத்தைத்தான் இவர்கள் வெட்டி எறியச் சொல்கிறார்கள்.

அந்த வாட்டர்ஃபால் குவெஸ்ட் மோசமானது என்று யாரும் சொல்லவில்லை. உண்மையில் அருமையான கதை. அருவிக்குப் பின்னால் ஓர் எல்ஃப் அரசன் வாழ்ந்த இடம். இறந்துபோன அவன் அரசியின் பதக்கம் இல்லாமல் உள்ளே போனால் தண்ணீர் அடித்துத் தள்ளிவிடும். அவள் கல்லறைக்குள் ஆயுதத்தோடு நுழைய முடியாது. ஆனால் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகிறவனுக்கு இதில் ஒன்றும் தெரியப்போவதில்லை. 86-ஆம் லெவல் நெருப்பு அரக்கர்களுக்கு நடுவே 3-ஆம் லெவல்காரன் ஏன் ஓடுகிறோம் என்றே தெரியாமல் ஓடுவான்.

அந்தக் கோழியைப் பற்றியும் சொல்லவேண்டும். லம்பிரிட்ஜில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் கோழிகள் திரியும். ஒன்றை அடித்தால் எலும்பு, இறைச்சி, சில சமயம் இறகு. எலும்பைப் புதைத்தால் பிரேயர் ஏறும், இறைச்சியைச் சுட்டால் சமையல் ஏறும், இறகை வைத்துப் பிற்பாடு டிரௌட் மீன் பிடிக்கலாம். ஒன்று இன்னொன்றில் போய் முடிகிற விதம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துவிடும். கோட்டைச் சமையல்காரர் முட்டை, பால், மாவு கேட்பதும் இதற்குத்தான். மாவுக்காகக் காற்றாலையின் மேல்மாடிக்கு ஏறி, கோதுமையைக் கொட்டி, பிடியை இழுத்து, கீழே இறங்கி வந்து பானையில் அள்ளவேண்டும். அதற்குள் பாதி ஊர் பழகிவிடும். மூன்றையும் கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் வாங்கிக் கொடுத்துவிடச் சொல்கிற மகானுபாவர்களை என்னவென்று சொல்வது? :-)

இதில் காசும் இருக்கிறது, மாணவர்கள் கவனிக்கவேண்டியது அதுதான். பாண்ட் என்ற ஒன்றை ஜாகெக்ஸ் நிறுவனமே நிஜப் பணத்துக்கு விற்கிறது. வாங்கி, கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் விற்றால் விளையாட்டுத் தங்கம் கொட்டும். ஆரம்பம் வெறும் தொல்லை, தாண்டினால் போதும் என்று நம்பவைத்துவிட்டால் அடுத்த படி பர்ஸைத் திறப்பதுதான். இலவச உலகத்திலேயே வாரக், ஃபலடார், அல் கரீத் என்று நகரங்கள் கிடக்கின்றன. எல்வார்க் என்ற டிராகனைக் கொல்லும் டிராகன் ஸ்லேயர் வரைக்கும் ஒரு பைசா கட்டவேண்டாம். அதை முடித்துவிட்டு மெம்பர் ஆவதைப் பற்றி யோசித்தால் குடிமுழுகாது.

இன்னொரு வேடிக்கை. 2001-இல் தொடங்கிய ரூன்ஸ்கேப் காலப்போக்கில் ஆளே அடையாளம் தெரியாமல் மாறியபோது, பழையதே வேண்டும் என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அப்படித்தான் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதியைத் தூசி தட்டி 2013 பிப்ரவரியில் ஓல்டு ஸ்கூல் என்று வெளியிட்டார்கள். மெதுவாக நகரும் அந்தப் பழைய விளையாட்டை அடம்பிடித்து வாங்கிய கூட்டம்தான் இப்போது அதன் மெதுவைத் தவிர்ப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறது!

புதியவனுக்கு ஆலோசனையே கூடாதா என்றால், உண்டு. ஆனால் அது அவன் ஏமாறாமல் இருப்பதற்கானது. கணக்குக்கு ஆத்தென்டிகேட்டர், பேங்க்குக்குப் பின் நம்பர், இரண்டையும் முதல் நாளே போட்டுவிட வேண்டும். தங்கத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன், கவசத்துக்கு இலவசமாக ஓரம் அலங்கரித்துத் தருகிறேன் என்று வருபவன் திருடன். வடக்கே ஒரு பள்ளம் குறுக்கே வரும். அதைத் தாண்டினால் வைல்டர்னெஸ், அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் கொன்று பறிக்கலாம். 'வா, ஒரு இடம் காட்டுகிறேன்' என்று அந்தப் பக்கம் கூப்பிடுகிறவனோடு போகக்கூடாது. மற்ற இடங்களில் செத்தால் பெரிதாகப் பயமில்லை. பொருட்கள் கல்லறையில் 15 நிமிடம் இருக்கும், ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவைச் சொல்லிவிட்டு, ஆற்றுப்பாலம் எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.