எந்தத் தொடர் பெரிய தொடர்?

2020 ஏப்ரலில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தூர்தர்ஷன் ஒரு பெருமையை அறிவித்தது. மறுஒளிபரப்பான ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரை ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள். உலகிலேயே அதிகம் பேர் பார்த்த பொழுதுபோக்கு நிகழ்ச்சி இதுதான் என்றது. அமெரிக்கத் தொடரான ‘மேஷ்’ஷின் கடைசிப் பகுதியை 1983இல் ஏறக்குறைய 10.6 கோடிப் பேர் பார்த்திருக்கிறார்களே என்று பத்திரிகைகள் மடக்கின. எனக்கு உறுத்தியது வேறு. அன்றைய அமெரிக்க மக்கள்தொகை சுமார் 23 கோடி. அதாவது, கிட்டத்தட்டப் பாதி நாடு ஒரே இரவில் ஒரே தொடரைப் பார்த்தது. நம்முடைய 7.7 கோடி என்பது நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை.

அதே ‘ராமாயண்’ 1987இல் முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், மும்பை தாராவியின் ‘சால்’ எனும் வரிசைக் குடியிருப்புகளில் டி.வி. இருந்த ஒரு வீட்டுக்குள் பத்து வீட்டார் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களை எண்ண அன்று மீட்டர் இல்லை. இன்று மீட்டர் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு திரை. இந்த இரண்டு காலத்து எண்களையும் பக்கத்தில் வைத்து எது பெரிய தொடர் என்று முடிவுகட்டுவது, நேயர் ஆய்வையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

எண் வரும் வழியும் அப்படியொன்றும் சுத்தமில்லை. 2020இல், ரேட்டிங்கைக் கணக்கிடும் பார்க் அமைப்பின் மீட்டர்கள் நாடு முழுவதும் சுமார் 44,000 வீடுகளில்தான் இருந்தன. மீட்டர் வைத்த வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் செய்தார்கள் என்று அந்த அக்டோபரில் மும்பை போலீஸ் குற்றம்சாட்டியது. செய்தி சேனல்களின் ரேட்டிங்கை வெளியிடுவதே நின்றுபோய், 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது. மும்பைத் தமிழருக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாராவாரம் வெளியாகும் ‘தமிழின் முதல் ஐந்து நிகழ்ச்சிகள்’ பட்டியல் தமிழ்நாடு – புதுச்சேரிச் சந்தையை மட்டும் கணக்கில் எடுப்பது. செம்பூரில் ஒரு பாட்டி பார்க்கும் தொடர், அகில இந்தியக் கணக்கில் சன் டி.வி.க்குப் போய்ச் சேரலாம்; தமிழ்ப் பட்டியலில் அந்தப் பாட்டி இல்லை.

எண்பதுகளில் பம்பாய்த் தமிழருக்குத் தமிழ்த் தொடர் என்று ஒன்றும் கிடையாது. சென்னைத் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பு இங்கே எட்டாது. அதில் வந்த தொடர்களைப் பற்றி, லீவுக்கு ஊருக்குப் போய்வந்தவர்கள் சொல்லித்தான் கேள்வி. கிடைத்ததில் பெரும்பாலானவை இந்தி. மாட்டுங்கா வீடுகளில் ஆர்.கே. நாராயணின் ‘மால்குடி டேஸ்’ முன்னால், எல்.வைத்தியநாதன் இசைக்காகவே உட்கார்ந்தவர்கள் உண்டு. தாராவிக்குச் சொந்தம்போல இருந்தது ‘நுக்கட்’. சைக்கிள் கடை ஹரி, எலெக்ட்ரீஷியன் குரு, குடிகாரக் கோப்டி என்று தெருமுனையில் நிற்கிறவர்களைத் தவிர அதில் வேறு கதாநாயகர் இல்லை. குந்தன் ஷாவும் சயீத் மிர்ஸாவும் எடுத்த அந்தத் தொடர் விமர்சகருக்கும் பிடித்தது, தெருவுக்கும் பிடித்தது. பார்க்கத் தூர்தர்ஷனை விட்டால் வேறு இல்லை என்பது ஒரு காரணம்தான்; அதை நான் மறைக்கவில்லை. இன்னொரு காரணம், தூர்தர்ஷன் தொடர்களுக்கு 13, 26, 52 என்று கணக்கு வைத்து அனுமதி கொடுத்தது. முடிவு இன்ன வாரம் என்று தெரிந்தே எழுத்தாளர் தொடங்கினார். ‘ராமாயண்’கூட முதலில் 52தான், கூட்டம் கூடியதும் 78 ஆனது.

1993இல் சன் டி.வி. வந்தது, கேபிள்காரர் வழியாகத் தாராவிக்கும் வந்தது. 1999 இறுதியில் ‘சித்தி’ தொடங்கியபின் வாரத் தொடர் ஒதுங்கியது, தினசரித் தொடர் அரியணை ஏறியது. நல்ல ரேட்டிங் ஒரு தொடருக்குச் செய்யும் கெடுதல் அங்கே ஆரம்பிக்கிறது. நேரம் பிடித்துக்கொண்ட தொடரை நிறுத்திவிட்டுப் புதியதைப் பழக்குவது சேனலுக்கு நஷ்டம். அதனால் இழுப்பார்கள். தொடர்களை ஒப்பிட என்னிடம் உள்ள கேள்வி ஒன்றுதான்: கதை முடிந்தபோது தொடர் முடிந்ததா?

திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ (2002–2005) இதில் தேறும். தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்ற வேண்டிய அப்பா. ஐந்து கல்யாணம், ஐந்து புகுந்த வீடு. கதைக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்தது. எண்ணூறு பகுதி தாண்டியும் அந்தக் கணக்குத்தான் தாங்கிப்பிடித்தது. அப்பா சிதம்பரமாக நடித்த டெல்லி குமாரை 2020 மறுஒளிபரப்பில் பார்த்தவர்கள் மறுபடியும் அழுதார்கள். திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ (2003–2009) தேறாது. கட்டிடத் தொழிலில் கால் ஊன்றும் அபி முதல் இரண்டு வருடங்களில் அபாரமான பாத்திரம். பிறகு வில்லன் ஆதியின் சதி, அதன் முறியடிப்பு, மறு சதி என்று ஆயிரத்தைந்நூறு பகுதி. அதே திருச்செல்வம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ எடுத்தபோது, படித்த மருமகள்கள் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் காட்சிகள் ‘கோலங்க’ளைவிடக் கூர்மையாக இருந்தன. அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் “இந்தாம்மா ஏய்” பேச்சு, தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாத மும்பைப் பிள்ளைகளின் ரீல்ஸ் வரை போனது. 2023 செப்டம்பரில் அவர் இறந்தார். ஆதி குணசேகரன் என்ற மலையை நம்பி நின்ற கதை, ஆளை மாற்றியும் ஓட வேண்டியிருந்தது.

தினசரித் தொடரை மட்டம்தட்டுபவர்கள் அது எப்படிப் பார்க்கப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். தாராவியில் இட்லி அவித்து விற்கும் வீடுகளில் பின்னிரவிலேயே அடுப்பு மூட்டியாக வேண்டும். ஆகவே இரவுத் தொடர் அவர்களுக்கு இல்லை. மறுநாள் மத்தியானம், உளுந்துச் சம்படத்தில் சாய்த்துவைத்த கைபேசியில் முந்தின நாள் பகுதி ஓடும். கண் தேங்காய்த் துருவலில், காது தொடரில். ஒரே சேதியை மூன்று பேர் மூன்று முறை சொல்வதும், ‘டொய்ங்’ என்ற ஓசையும் இந்த நேயருக்காகவே பிறந்தவை. ஓ.டி.டி.யில் வந்த ‘சுழல்’ போன்ற எட்டுப் பகுதித் தொடரை இப்படிப் பார்க்க முடியாது. தலையைத் திருப்பினால் துப்பு போய்விடும்.

நேயர் எண்ணிக்கை தகுதியைச் சொல்லிவிடாது என்பதற்கு வெளியிலும் சான்று உண்டு. அமெரிக்காவில் ‘தி வயர்’ (2002–2008) ஓடியபோது நேயரும் குறைவு, எம்மி விருதும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2021இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் இந்த நூற்றாண்டின் தலைசிறந்த தொடர் என்று விமர்சகர்கள் அதைத்தான் சொன்னார்கள். நம்மிடம் அந்த இடத்துக்கு நெருக்கமாக நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ இருக்கிறது. தொண்ணூறுகளில் பிறந்திராத பிள்ளைகள் யூடியூபில் தேடிப் பார்க்கிறார்கள். அது வாரத் தொடர் என்பது தற்செயல் அல்ல.

ஆனால், முடிவு தெரிந்து எழுதப்படும் தமிழ்த் தொடர் இன்று சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ‘நுக்கட்’டைப் பார்த்த தெருவுக்கு அது வருவதில்லை. வாரத்தில் ஒரு நாள், 26 வாரம், கடைசிக் காட்சியை எழுதி முடித்த பிறகே படப்பிடிப்பு என்ற நிபந்தனையோடு ஒரு தொடரைத் திருமுருகனிடமோ திருச்செல்வத்திடமோ ஒரு சேனல் கொடுத்துப் பார்க்கட்டும். வாரத்துக்கு அரை மணி நேரத்துக்கான விளம்பர வருமானம் கொஞ்சம் குறைந்தால் குடி முழுகிவிடாது.

– கட்டுரையாளர், தொலைக்காட்சி நேயர் ஆய்வாளர், செம்பூர், மும்பை.