வலை பொத்துகிறவர்கள்



சென்ற இதழில் இதே பக்கத்தில் ஒரு தவறு செய்திருந்தேன். கலிலேயாக் கடலோரத்தில் இயேசு அழைத்தபோது பேதுருவும் அந்திரேயாவும் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர்கள் கண்ணிலும் அது தப்பிவிட்டது. முட்டம் பக்கத்து வாசகர் ஒருவரிடம் தப்பவில்லை. எழுபதைத் தாண்டியவர், கடல்தொழில் செய்தவர். இதழ் கைக்குக் கிடைத்ததும் போன் செய்தார்.

"சாரே, பக்கத்துல ஆளு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. யாருமில்லை என்றேன். "ராயப்பரும் அவரு கூடப்பொறந்தவரும் வலை வீசிக்கிட்டு இருந்தாவ. பொத்திக்கிட்டு இருந்தது செபதேயு மக்க ரெண்டு பேரு. ஒருநாள் கரைக்கு வாரும். வலை பொத்துறத ஒருக்கா பாத்துட்டா பொறவு மறக்கமாட்டீரு."

போனேன். தென்னை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் நைலான் வலை. கிழிசலைப் பார்த்ததுமே, இது பாறையில் மாட்டிக் கிழிந்தது, இது பேத்தை மீன் கடித்தது என்று பிரித்துச் சொன்னார். ஆனால் உடனே பின்னத் தொடங்கவில்லை. ஓரங்களில் தொங்கிய நூல்களை முதலில் நறுக்கினார். ஓட்டை முன்னைவிடப் பெரிதாகிவிட்டதே என்று எனக்குப் பதற்றம். நல்ல கண்ணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதில் முடிச்சு நிற்குமாம். பிறகு வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை விட்டு விட்டுக் கண்ணி கண்ணியாக எடுத்தார். இன்னும் தடித்த நூலாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். "போட்டா பக்கத்துக் கண்ணி பிய்ஞ்சிரும் சாரே."

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். மாற்கு முதல் அதிகாரத்தில் செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் படவில் இருந்து செய்த அந்த வேலைக்குக் கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் 'கட்டார்டிசோ'. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், குற்றத்தில் அகப்பட்ட ஒருவனை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுமிடத்திலும் அதே வினைச்சொல்தான். தமிழில் ஓரிடத்தில் பழுதுபார்த்தல், இன்னோரிடத்தில் சீர்பொருந்தப்பண்ணுதல் என்று வருவதால் உறவு நமக்குத் தெரியாமலே போய்விட்டது. கூடப் பவுல் ஒரு எச்சரிக்கையும் வைக்கிறார்: திருத்தப் போகிற உனக்கும் அதே சோதனை வரலாம், சாந்தமாகப் போ என்று.

திருத்துவதைச் சொல்லும் 'சிட்சை' என்ற சொல்லைக் கேட்டாலே ஓய்வுநாள் பள்ளி நாட்களில் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிரம்பு கண்முன் வரும். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்குத் தண்டனை என்று பொருள், இந்தியில் கல்வி. எல்லை மாவட்டத்துக்காரர்களான நாம் கேரளத்தை ஒட்டிய களியிக்காவிளைப் பக்கம் சாய்ந்துவிட்டோம் போலிருக்கிறது.

தவறு செய்த சகோதரனைத் திருத்த மத்தேயு 18-ல் இயேசு சொன்ன வழி எல்லாருக்கும் தெரியும். முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஓரிருவரோடு, அதன்பிறகுதான் சபைக்கு. நம் ஊர்களில் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வழக்கே தொடங்குகிறது. முன்னிரண்டும் நடந்ததா என்று கேட்க ஆளில்லை. அந்தப் பெரியவர் 'பக்கத்துல ஆளு இருக்கா' என்று கேட்டது என் மனதில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

எல்லாவற்றையும் மூடிய அறைக்குள்தான் பேச வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அதே கலாத்தியர் நிருபத்தில், இரண்டாம் அதிகாரத்தில், பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் கேட்கிறார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பந்தியில் நடந்த தவறை மற்றவர்களும் பார்த்துப் பின்பற்றத் தொடங்கியிருந்தார்கள். அதனால் பந்தியிலேயே பேச வேண்டியதாயிற்று.

பந்தி என்றதும் லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மீட் நினைவுக்கு வருகிறார். 1818-ல் மயிலாடிக்கு வந்து, நாகர்கோவிலிலும் பின்பு நெய்யூரிலும் சபைகளையும் பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் வளர்த்தவர். முப்பது வருடங்களுக்கு மேல் உழைத்தபின், 1850-களின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். உடன் ஊழியர்களுக்கு அது பொறுக்கவில்லை. லண்டன் மிஷனை விட்டு அவர் விலக நேர்ந்தது. திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிக்கூடங்களின் கண்காணிப்பாளராக அமர்த்திக்கொண்டது. கண்டித்தவர்கள் ஒழுங்கைக் காப்பதாகத்தான் நம்பியிருப்பார்கள். நல்ல கண்ணியைக் கிழிசல் என்று எண்ணி நறுக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பந்தியில் எழுந்து கேட்க ஒரு பவுல் இருந்திருக்கலாம்.

வலை பொத்துவதைப் பார்க்கப் போன அன்று இருட்டும் வரை கரையிலேயே இருந்தேன். கிளம்புமுன் பெரியவர் ஊசியை என் கையில் கொடுத்து, "நீரும் போட்டுப் பாரும்" என்றார். தட்டுத்தடுமாறி மூன்று கண்ணி எடுத்தேன். வலையை விளக்குப் பக்கம் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டை நறுக்கிவிட்டு, ஊசியை மறுபடியும் என்னிடமே நீட்டினார்.

அன்புடன்,
ஆசிரியர்